ஏஆர்-15க்கு எந்த ட்ரிகர் வாங்கலாம்?

கேள்வி: அமெரிக்காவில் வசிக்கிறேன். ஏஆர்-15 ரைஃபிள் ஒன்று வைத்திருக்கிறேன். பெரும்பாலும் 100 கஜ தூரத்தில் காகித இலக்கைச் சுடுவதுதான். அடுத்த வருடம் சர்வீஸ் ரைஃபிள் போட்டி (ராணுவ வகை ரைஃபிளில் சுடும் போட்டி) ஒன்றில் கலந்துகொள்ள ஆசை. துப்பாக்கியோடு வந்த ட்ரிகர் கனமாக இருக்கிறது, அழுத்தும்போது கரகரக்கிறது. நண்பர்கள் 2 பவுண்டு விசையிலேயே சுடும் ட்ரிகர் போடச் சொல்கிறார்கள். 250 டாலர் வரை செலவு செய்யலாம். எதை வாங்குவது? நானே மாட்டலாமா? சட்டச் சிக்கல் ஏதும் வருமா?

பதில்: மொத்தம் நாலரை பவுண்டு இழுவிசை கொண்ட, இரண்டு கட்ட ட்ரிகர் (லேசாக நகர்ந்து நின்று, பிறகு விடும் வகை) ஒன்றை வாங்குங்கள். 2 பவுண்டு யோசனையை விட்டுவிடுங்கள். சட்டச் சிக்கல் சாதாரணமாக வராது, ஆனால் அதில் கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. மாட்டுவதை நீங்களே செய்யலாம், மாட்டிய பிறகு செய்யும் சோதனையைத் தவிர்க்காத வரை.

உங்கள் துப்பாக்கியில் இப்போது இருப்பது பெரும்பாலும் ராணுவ அளவீட்டின்படி செய்த ஒற்றைக் கட்ட ட்ரிகராக இருக்கும். அந்த அளவீடு ஐந்தரையிலிருந்து ஒன்பதரை பவுண்டு வரை அனுமதிக்கிறது. கையுறை போட்டு, சேற்றில் புரண்டு, பதற்றத்தில் ஓடும் சிப்பாய்க்காக வகுத்த அளவு அது. காகித இலக்குக்கு அது உதவாது. ரைஃபிளின் எடையே 7 பவுண்டு என்று வையுங்கள். அதைச் சுட 7 பவுண்டு விசையோடு ஒரு விரலை இழுக்க வேண்டும் என்றால், அந்த இழுப்பில் துப்பாக்கியே அசையாமல் இருப்பது கஷ்டம்தான்.

இருந்தாலும் உங்களைத் தொந்தரவு செய்வது கனம் மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். ட்ரிகரின் முன்முனைதான் சியர். ஹேமரில், அதாவது அடித்துத் தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலில், உள்ள கொக்கியை அது பிடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் அழுத்தும்போது அது கொக்கியின் மேல் வழுக்கிக்கொண்டே வந்து கடைசியில் விடுகிறது. அந்த இரண்டு பரப்பும் சொரசொரப்பாக இருந்தால் விரலுக்குக் கரகரப்பு தெரியும், எப்போது விடும் என்பது தெரியாது. 6 பவுண்டு இருந்தும் சுத்தமாக முறியும் ட்ரிகரில் நன்றாகச் சுட முடியும். 4 பவுண்டு இருந்தும் இழுத்துக்கொண்டே போகும் ட்ரிகரில் முடியாது. பெட்டி மேல் அச்சடித்த எடையை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான்.

பணம் செலவழிக்கும் முன் ஒன்றைச் செய்து பாருங்கள். மேகசினை (தோட்டாப் பெட்டி) எடுத்துவிட்டு, சேம்பர் (சுடப்போகும் தோட்டா அமரும் இடம்) காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, தோட்டாவே இல்லாத அறையில் ட்ரை ஃபயர் செய்யுங்கள், அதாவது தோட்டா இல்லாமல் ட்ரிகரை மட்டும் அழுத்துங்கள். சென்டர்ஃபயர் (தோட்டா அடிப்பகுதியின் நடுவில் அடித்துச் சுடும்) ஏஆருக்கு அதனால் கேடு இல்லை. சியரும் கொக்கியும் உரசும் இடத்தில் ஒரு பொட்டு கிரீஸ் போதும். அதிகம் வைத்தால் தூசிதான் சேரும். சில நூறு தடவைக்குப் பிறகு சொரசொரப்பு கணிசமாகக் குறையும், கூடவே உங்கள் விரலுக்கும் பயிற்சி கிடைக்கும். ஒரு எச்சரிக்கை: மேல்பாதியைக் கழற்றி வைத்துவிட்டு, லோயரை (ட்ரிகர் உள்ள கீழ்ப்பாதி) மட்டும் கையில் பிடித்துக்கொண்டு ட்ரிகரை அழுத்தாதீர்கள். தடுக்க எதுவும் இல்லாததால் ஹேமர் முழு வேகத்தில் போய் லோயரின் முன்சுவரையும் போல்ட் கேட்சையும் (தோட்டாவை ஏற்றும் போல்ட்டைப் பின்னால் நிறுத்தும் நெம்பு) அடிக்கும். அப்படி அழுத்த வேண்டி வந்தால் கட்டைவிரலால் ஹேமரைத் தாங்கி மெதுவாக விடுங்கள்.

அரம், உப்புத்தாள், பாலிஷ் கல் எதையும் சியர் பக்கம் கொண்டுபோக வேண்டாம். கால் மணி நேரத்தில் ட்ரிகரை வெண்ணெய் ஆக்குகிறோம் என்று காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. இந்தப் பாகங்களில் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தப்பட்டது. அந்த மெல்லிய படலத்தைத் தேய்த்து எடுத்துவிட்டால் அன்றைக்கு அருமையாக இருக்கும். பிறகு உள்ளே இருக்கும் மென்மையான இரும்பு வேகமாகத் தேயும், கோணம் மாறும், ஒரு நாள் சியர் பிடிக்காமல் போகும். இலகு ஸ்பிரிங் செட்டுகள் அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் ஹேமர் ஸ்பிரிங்கைத் தளர்த்தினால் அடி பலம் குறையும், கடினமான பிரைமர் (அடி பட்டு வெடிமருந்தைப் பற்றவைக்கும் மூடி) உள்ள ராணுவ வகைத் தோட்டாக்கள் சில சமயம் வெடிக்காது. போட்டியின் நடுவில் அந்த வெற்று 'க்ளிக்' கேட்க வேண்டாம் அல்லவா?

இவ்வளவுக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் மாற்றுவது நியாயம். முதலில் முடிவு செய்ய வேண்டியது ஒற்றைக் கட்டமா இரண்டு கட்டமா என்பதுதான். எடை, பிராண்ட், விரல் படும் பகுதி வளைவா நேரா எல்லாம் அப்புறம்.

ஒற்றைக் கட்ட ட்ரிகரில் விரல் வைத்ததும் முழு எதிர்ப்பும் வந்துவிடும். நல்லதாக இருந்தால் கொஞ்சமும் நகராமல் கண்ணாடிக்குச்சி போல முறியும். வேகமாகப் பல இலக்குகளைச் சுடும் விளையாட்டுக்காரர்கள் பலர் இதைத்தான் விரும்புகிறார்கள். ட்ரிகர் பின்னால் போய் முன்னால் வரும் தூரம் குறைவு, யோசிக்க எதுவும் இல்லை.

இரண்டு கட்டத்தில் முதலில் லேசான எதிர்ப்போடு ட்ரிகர் கொஞ்ச தூரம் பின்னால் வரும். பிறகு ஒரு சுவரில் முட்டியது போல நிற்கும். அங்கிருந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினால் விடும். இருட்டில் படி இறங்கும்போது கால் விளிம்பைத் தடவி, தெரிந்துகொண்டு, அப்புறம் இறங்குவது மாதிரி. இதில் ஒரு நல்ல தந்திரம் இருக்கிறது. மொத்தம் நாலரை பவுண்டு என்றாலும் இரண்டரை பவுண்டை முதல் கட்டத்திலேயே இழுத்து முடித்திருப்பீர்கள். குறி சரியாக அமர்ந்து மூச்சு நின்ற கணத்தில் மிச்சம் இருப்பது 2 பவுண்டுதான். உங்கள் நண்பர்கள் சொல்லும் 2 பவுண்டின் சுகம் அங்கே கிடைத்துவிடுகிறது, பாதுகாப்புக்கான நாலரையும் கையில் இருக்கிறது. மனம் மாறினால் சுவரில் இருந்தபடியே விரலைத் தளர்த்தலாம், ட்ரிகர் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நிதானமாகக் குறிபார்த்துச் சுடும் உங்களுக்கு இதுதான் பொருத்தம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

நிஜமான 2 பவுண்டு ட்ரிகர், பெஞ்சில் மணல்மூட்டை மேல் ரைஃபிளை வைத்துச் சுடுபவருக்குச் சரி. குளிரில் விரல் மரத்திருக்கும்போது, கையுறையோடு, இதயம் படபடக்கும்போது அந்த எடை விரலுக்கே உறைக்காது. இன்னொன்று, ஏஆர் போன்ற செமி-ஆட்டோவில் (ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு, அடுத்த தோட்டா தானே ஏறும்) ஒவ்வொரு தடவையும் போல்ட் பின்னால் போய் அறைந்து திரும்பும். அந்த அதிர்ச்சியிலும் சியர் ஹேமரை விடாமல் பிடிக்க வேண்டும். இழுவையைக் குறைக்கக் குறைக்க அந்தப் பிடிப்பின் உறுதியும் பொதுவாகக் குறைகிறது. போல்ட்-ஆக்‌ஷன் துப்பாக்கியில் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றுவது) எளிதாகச் சாத்தியமாகும் இழுவையை இதில் எதிர்பார்க்கக் கூடாது.

உங்கள் விஷயத்தில் இந்த விவாதமே தேவையில்லை. சர்வீஸ் ரைஃபிள் போட்டி விதிப்படி ஏஆர் வகைக்கு ட்ரிகர் குறைந்தபட்சம் நாலரை பவுண்டு இருக்க வேண்டும். ட்ரிகரில் எடைக்கல்லை மாட்டி ரைஃபிளைச் செங்குத்தாகத் தூக்குவார்கள். ஹேமர் விழாமல் கல் தரையை விட்டு எழ வேண்டும். விழுந்தால் அந்தத் துப்பாக்கியோடு போட்டியில் சுட முடியாது. இங்கே ஒரு நுணுக்கம். நாலரை என்று விற்கப்படும் ட்ரிகர், புழக்கத்தில் வழவழப்பாகி நாலே காலுக்கு இறங்கலாம். கொஞ்சம் ஏற்றி இறக்கும் வசதி இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு ட்ரிகர் எடைமானி வாங்கி, பத்து முறை இழுத்து, சராசரியோடு மிகக் குறைந்த அளவையும் பாருங்கள். விதிக்கு முக்கியம் அந்தக் குறைந்த அளவுதான்.

சரி, பெயர்களுக்கு வருவோம். கைஸ்லி நிறுவனத்தின் எஸ்எஸ்ஏ நான் சொன்ன அதே கணக்கு: இரண்டரையும் இரண்டும். உங்கள் வரம்பின் மேல்முனையை ஒட்டி வரும். அதன் தம்பி எஸ்எஸ்ஏ-இ இன்னும் மெல்லியது, மூன்றரை பவுண்டு. கையில் எடுத்தால் மயக்கும், ஆனால் உங்கள் போட்டிக்கு ஆகாது. ஏற்றி இறக்க வேண்டும் என்றால் அதே நிறுவனத்தின் ஹை-ஸ்பீடு நேஷனல் மேட்ச் இந்தப் போட்டிகளுக்கென்றே செய்தது, விலை கூடுதல். லாரூ நிறுவனத்தின் எம்பிடி இரண்டு கட்ட ட்ரிகரும் நாலரை பவுண்டுதான். விலை எஸ்எஸ்ஏவை விட நன்றாகவே குறைவு, வித்தியாசத்தை விரலால் கண்டுபிடிக்கப் பலரால் முடியாது. உங்கள் இடத்தில் இருந்தால் நான் லாரூவை வாங்கி மிச்சப் பணத்துக்குத் தோட்டா வாங்குவேன். ஒற்றைக் கட்டத்திலேயே இருக்க வேண்டும், கரகரப்பு மட்டும் போனால் போதும் என்பவர்களுக்கு ஏஎல்ஜி நிறுவனத்தின் ஏசிடி ட்ரிகர் இருக்கிறது. ராணுவ ட்ரிகரின் அதே வடிவம்தான், பரப்பை மெருகேற்றிப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். எடை பெரிதாகக் குறையாது.

டிம்னி, சிஎம்சி போன்ற நிறுவனங்கள் பெயர்பெற்றது வேறொரு வகையில். ட்ரிகர், ஹேமர், டிஸ்கனெக்டர் (ட்ரிகரை அழுத்தியபடியே இருந்தாலும் ஹேமரைப் பிடித்துவைக்கும் கொக்கி) எல்லாவற்றையும் ஒரே கூட்டுக்குள் அடைத்து, அப்படியே இறக்கி மாட்டும் கேசட் வகை அது. 1946 முதல் ட்ரிகர் செய்துவரும் டிம்னியின் தரத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. மாட்டுவது மிக எளிது. ஆனால் கூட்டுக்குள் அழுக்கோ, தோட்டாவிலிருந்து கழன்று விழுந்த பிரைமர் துண்டோ போனால் பார்க்கவும் எடுக்கவும் சிரமம். தனித்தனிப் பாகமாக வருவதில் எல்லாம் கண்முன்னே இருக்கிறது. கனடாவின் ட்ரிகர்டெக் சியருக்கும் ட்ரிகருக்கும் நடுவே ஒரு உருளையை வைத்து, வழுக்குவதற்குப் பதிலாக உருளும்படி செய்திருக்கிறது. புத்திசாலித்தனமான வேலை, ஒருமுறை அழுத்திப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள்.

எதை வாங்கினாலும் ஆர்டர் போடும் முன், ட்ரிகரையும் ஹேமரையும் தாங்கும் பின்னின் (ஊசி போன்ற குறுக்குத் தண்டு) விட்டத்தைப் பாருங்கள். இப்போது வரும் ஏஆர்களில் பொதுவாக 0.154 அங்குலம். கோல்ட் நிறுவனத்தின் பழைய துப்பாக்கிகள் சிலவற்றில் 0.170. சேஃப்டி (சுடாமல் பூட்டும் நெம்பு) வழக்கமானதாக இல்லாமல் வேறு வடிவமாக இருந்தால், அது புதிய ட்ரிகரின் வால்பகுதியோடு ஒத்துப்போகிறதா என்றும் கேளுங்கள்.

மாட்டும்போது பலர் தவறுவது ஹேமர் ஸ்பிரிங்கின் இரண்டு கால்களில். அவை ட்ரிகர் பின்னின் மேல் உட்கார வேண்டும். ஒரு கால் பின்னின் ஓரத்தில் உள்ள பள்ளத்தில் அமர்ந்து பின்னை நகரவிடாமல் பிடிக்கும். இது தவறினால் சுடச் சுட அந்தப் பின் மெல்ல வெளியே நகரும். கேசட் வகையில் இந்தப் பிடிப்பு கிடையாது. அதனால் உடன் வரும் திருகுகளையோ பூட்டும் பின்களையோ சொன்னபடி இறுக்குங்கள்.

பிறகு சோதனை. துப்பாக்கி காலி என்று மறுபடி பார்த்து, சார்ஜிங் ஹேண்டிலை (பின்னால் இழுத்து ஹேமரை ஏற்றும் கைப்பிடி) இழுத்துவிட்டு, சேஃப் நிலையில் ட்ரிகரைப் பலமாக அழுத்துங்கள். ஹேமர் விழக் கூடாது. விரலை எடுத்துவிட்டு ஃபயர் நிலைக்கு மாற்றுங்கள், அப்போதும் விழக் கூடாது. இப்போது அழுத்தினால் விழ வேண்டும். விரலை எடுக்காமல் அழுத்தியபடியே மறுபடி சார்ஜிங் ஹேண்டிலை முழுதாக இழுத்து விடுங்கள். ட்ரிகரை மெள்ள மெள்ளத் தளர்த்துங்கள். டிஸ்கனெக்டர் ஹேமரைச் சியரிடம் ஒப்படைக்கும் சத்தம் கேட்கும், ஹேமர் விழாது. மீண்டும் அழுத்தினால் விழும். கடைசியாக, விரலை ட்ரிகரில் வைக்காமல் ஹேண்டிலைப் பலமுறை படாரென்று விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஹேமர் பின்னாலேயே நிற்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் துப்பாக்கியைச் சுடுமிடத்துக்கு எடுத்துப் போகாமல் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுங்கள். எல்லாம் சரியென்றால் முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா, அடுத்து இரண்டு. அதற்குப் பிறகே நிறைத்துச் சுடலாம்.

சட்டத்துக்கு வருகிறேன். ட்ரிகரின் ஒரே இயக்கத்தில் ஒன்றுக்கு மேல் குண்டு வெளியேறும் துப்பாக்கியை மெஷின்கன் என்று வகைப்படுத்துகிறது 1934ஆம் ஆண்டின் தேசிய துப்பாக்கிச் சட்டம். 1986 சட்டத்துக்குப் பிறகு புதிதாக ஒன்றைத் தனிநபர் வைத்திருக்க முடியாது. நான் மேலே சொன்னவை எல்லாம் ஒரு அழுத்தலுக்கு ஒரு குண்டு வகை, கூட்டரசுச் சட்டத்தில் பிரச்சினை இல்லை. ட்ரிகரை விடும்போதும் சுடுபவை, ட்ரிகரைத் தானே முன்னுக்குத் தள்ளி வேகம் கூட்டுபவை வேறு ரகம். அவை வழக்குகளில் சிக்கியவை, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் வேகம் கூட்டும் சாதனங்களைத் தடை செய்கின்றன. காகித இலக்குக்கு அவை எந்த விதத்திலும் உதவாது, அந்தப் பக்கமே போக வேண்டாம். உங்கள் மாநில விதியை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எப்போதாவது ஒரு அழுத்தலில் இரண்டு குண்டு போனால், "ஏதோ ஒரு தடவை" என்று விடாதீர்கள். அந்த இடத்திலேயே நிறுத்திக் காலி செய்துவிடுங்கள், பழுது பார்த்த பிறகே மறுபடி சுடலாம். கழற்றிய பழைய ட்ரிகரைப் பின்கள், ஸ்பிரிங்குகளோடு ஒரு பையில் போட்டு வையுங்கள். புதியதில் ஏதாவது உடைந்தால் அன்றைக்கே மாட்டிக்கொள்ளலாம், துப்பாக்கியை விற்கும்போதும் அதையே மாட்டிக் கொடுக்கலாம்.