ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது

வாசகர் கேள்வி – பதில்: பள்ளி நிர்வாகம்

கேள்வி: தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. கூட்டத்தில் கருத்துக் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கூட்டம் முடிந்ததும் வராந்தாவில் நின்று நெடுநேரம் பேசிக்கொள்கிறார்கள். பிறந்தநாள் கொண்டாட்டம், மாதந்தோறும் ‘சிறந்த ஆசிரியர்’ விருது எனப் பலவும் செய்து பார்த்துவிட்டேன். விருது வந்த பிறகு மனக்கசப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: உங்கள் ஆசிரியர்களிடம் சொல்வதற்கு நிறைய இருக்கிறது, வராந்தாவில் அதைத்தான் பேசிக்கொள்கிறார்கள். கூட்டத்தில் பேசினால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் என்றோ ஒருநாள் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். அது உங்களுக்கு முன்பு இருந்தவரின் காலத்தில் நடந்ததாகவும் இருக்கலாம்.

நான் தலைமை ஆசிரியராக இருந்த முதல் ஆண்டில், பாடப்பகுதியை முடிக்க இன்னும் இரண்டு வாரம் வேண்டும் என்று ஓர் ஆசிரியை கூட்டத்தில் சொன்னார். “பக்கத்துப் பிரிவில் முடித்துவிட்டார்களே?” என்று கேட்டேன். அவர் குறிப்பேட்டை மூடிவிட்டு அமர்ந்தார். அதன் பிறகு அந்த ஆண்டு முழுவதும் எந்தக் கூட்டத்திலும் எவரும் என்னிடம் ஒரு குறையைச் சொல்லவில்லை; பள்ளியில் குறையே இல்லை என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு கேள்வியால், அறையில் இருந்த அத்தனை பேருக்கும் வாய் மூடியிருப்பதே நல்லது என்று கற்றுக்கொடுத்திருந்தேன் என்பது பின்னாளில்தான் விளங்கியது.

ஏமி எட்மண்ட்சன் என்னும் ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக நடத்தப்பட்ட குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகளைத் தயங்காமல் வெளியே சொல்ல முடிந்ததே அதற்குக் காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். பள்ளிக்கும் இது அப்படியே பொருந்தும். ஆகவே அடுத்த கூட்டத்தில், நீங்கள் எடுத்த முடிவுகளில் சரிப்பட்டு வராத ஒன்றை நீங்களே முதலில் சொல்லுங்கள். எவரேனும் ஓர் இடர்ப்பாட்டைச் சொன்னால், ஏன் என்று கேட்பதற்கு முன், அதைத் தீர்க்க என்ன தேவை என்று கேளுங்கள். முதலில் பேசத் துணிபவருக்கு நீங்கள் தரும் பதிலை வைத்தே மற்றவர்கள் தாங்களும் பேசலாமா என்று முடிவு செய்வார்கள்.

இரண்டாவதாக, விடுப்பில் இருப்பவருக்குப் பதிலாக வகுப்பெடுக்க யாரை அனுப்பினோம் என்று எழுதும் பதிவேட்டை எடுத்து, கடந்த மூன்று மாதங்களில் யாருக்கு எத்தனை பாடவேளைகள் போயின என்று எண்ணிப் பாருங்கள். பல பள்ளிகளில் அந்தச் சுமை, மறுத்துப் பேசத் தெரியாத நான்கைந்து பேர் தலையிலேயே விழுந்திருக்கும். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்ற எண்ணம் ஆசிரியர்களிடையே வேரூன்றுவது பெரும்பாலும் இந்தப் பதிவேட்டிலிருந்துதான். எத்தனை கொண்டாட்டம் நடத்தினாலும் அது மறையாது. அந்த எண்ணிக்கையை ஆசிரியர் அறையில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டி வையுங்கள். சுழற்சி முறையை அவர்களையே வகுக்கச் சொல்லுங்கள்.

விருதை நிறுத்திவிடுவது நல்லது. பத்தாம் வகுப்பின் கணக்குத் தேர்ச்சியில் ஆறாம் வகுப்பு ஆசிரியரின் உழைப்பும் இருக்கிறது. அதில் ஒருவரை மட்டும் மேடையேற்றினால் மற்றவர்கள் தங்கள் உழைப்பை யாரும் பார்க்கவில்லை என்றே எடுத்துக்கொள்வார்கள். மாறாக, வகுப்புக்குச் சென்று பார்த்ததைத் துல்லியமாகச் சொல்லுங்கள். “நன்றாகப் பாடம் நடத்துகிறீர்கள்” என்பது எவரிடமும் சொல்லத்தக்க சொல். “கடைசி வரிசைப் பையன் தவறாகச் சொன்ன விடையைக் கரும்பலகையில் எழுதி, அதிலிருந்தே சரியான விடைக்கு வகுப்பை அழைத்து வந்தீர்களே, அது எனக்குப் புதிது” என்பது அவருக்கு மட்டுமே உரியது.

சிகாகோ நகரத்தின் தொடக்கப் பள்ளிகளை ஆராய்ந்து, ஆந்தனி பிரைக், பார்பரா ஷ்னைடர் ஆகிய இருவரும் 2002ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவுகளும் இதை ஒட்டியவையே. ஆசிரியர், பெற்றோர் முதலான பெரியவர்களிடையே நம்பிக்கை வலுவாக இருந்த பள்ளிகளில் இரண்டில் ஒன்று மாணவர்களின் கற்றலில் முன்னேறியது; நம்பிக்கை மிகவும் நலிந்திருந்த பள்ளிகளில் ஏழில் ஒன்றுதான் முன்னேறியது. மரியாதை, பணித்திறன், தனிமனித அக்கறை, சொல்லும் செயலும் ஒன்றாயிருத்தல் ஆகிய நான்கும் சேர்ந்ததே அந்த நம்பிக்கை என்று அவர்கள் விளக்கினார்கள். கடைசியாகச் சொன்னதற்கு ஒரு சிறு குறிப்பேடு போதும். நடைபாதையில் ஒருவர் கேட்டு நீங்கள் “பார்க்கிறேன்” என்று சொன்ன ஒவ்வொன்றையும் அதில் எழுதி, முடியாததை முடியாது என்றாவது அந்த வாரத்துக்குள் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியர் ஒருவர், எந்தப் புதிய முயற்சியைச் சொன்னாலும் “இதெல்லாம் எத்தனை பார்த்தாயிற்று” என்று சொல்லி இளையவர்களின் ஊக்கத்தையும் கெடுத்துவிடுகிறார். விளக்கம் கேட்டுக் குறிப்பாணை கொடுக்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். பாதி வழியில் கைவிடப்பட்ட எத்தனையோ திட்டங்களுக்கு உழைத்துக் களைத்தவராக அவர் இருக்கக்கூடும். அவரைத் தனியே அழைத்து, முன்பு எவையெல்லாம் முயன்று பார்க்கப்பட்டன, எங்கே முறிந்தன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த அனுபவம் உங்கள் திட்டத்துக்கு உண்மையிலேயே உதவும். ஆனால் அவர் ஒரு சக ஆசிரியரையோ மாணவரையோ இழிவாகப் பேசினால், அன்றே தனியறையில் அவர் சொன்ன சொல்லையே குறிப்பிட்டுக் கண்டியுங்கள். மீண்டும் நடந்தால் எழுத்து மூலம் நடவடிக்கை எடுங்கள். ஒருவரைக் கண்டிக்க அஞ்சிப் பொதுக்கூட்டத்தில் எல்லோரையும் சேர்த்துக் கண்டிக்கும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். குறி யாருக்கு என்று எல்லோருக்கும் தெரியும், காயப்படுவதோ குற்றமற்றவர்கள்.

கேள்வி: நான் தலைமைப் பொறுப்பில் இல்லாத சாதாரண ஆசிரியை. தலைமை மாறாத வரை பள்ளியின் சூழலை மாற்ற என்னால் ஏதும் முடியுமா?

பதில்: முழுவதையும் மாற்ற முடியாது, அந்தப் பழியை நீங்கள் சுமக்கவும் வேண்டாம். ஆனால் சூழல் என்பது தலைமையோடு மட்டும் முடிவதன்று. மேத்யூ கிராஃப்ட், ஜான் பாபே ஆகியோர் 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், நல்ல பணிச்சூழல் உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள், அது இல்லாத பள்ளிகளின் ஆசிரியர்களைவிடப் பத்து ஆண்டுகளில் கற்பிக்கும் திறனில் 38 சதவீதம் கூடுதலாக முன்னேறியிருந்தார்கள். அவர்கள் கணக்கில் எடுத்த சூழலில் சக ஆசிரியர்களின் ஒத்துழைப்பும் அடங்கும். அது உங்கள் கையில் இருக்கிறது. வாரத்தில் ஒரு பாடவேளை, நீங்கள் நம்பும் ஒருவரை உங்கள் வகுப்பின் பின்வரிசையில் வந்து அமரச் சொல்லுங்கள். நீங்களும் அவர் வகுப்புக்குச் செல்லுங்கள். இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்தவர் எவரேனும் இருந்தால், கட்டுக்கடங்காத வகுப்பிலிருந்து அவர் முகம் வாடி வெளியே வரும் நாளில், அறிவுரைக்கு முன், அதே வகுப்பில் உங்களுக்குச் சரிப்பட்டு வராமல்போன ஒரு பாடத்தை அவருக்குச் சொல்லுங்கள்.