வண்டியில் டேங்க் ஏற்றும் முன் போர்வெல் தண்ணீரைக் கவனியுங்கள்

கேள்வி: கிருஷ்ணகிரியில் இரண்டு ஆட்களுடன் கட்டடக் கண்ணாடி துடைக்கும் தொழில் செய்கிறேன். ஷோரூம்கள், மருத்துவமனைகள், ஓசூர் சிப்காட்டில் சில அலுவலகங்கள் என வேலை பெருகியிருக்கிறது. ஏணியும் சாரமும் இல்லாமல், தரையில் நின்றபடியே நீளக் கம்பின் நுனியில் பிரஷ் மாட்டித் தண்ணீர் விட்டுத் துடைக்கும் முறைக்கு மாற விரும்புகிறேன். கூண்டு கட்டிய குட்டி யானை (டாடா ஏஸ் சிறு சரக்கு வண்டி) ஒன்று என்னிடம் இருக்கிறது. 1000 லிட்டர் டேங்க், தண்ணீரிலிருந்து உப்பை நீக்கும் ஆர்.ஓ. இயந்திரம், பம்பு எல்லாவற்றையும் வண்டிக்குள்ளேயே பொருத்தித் தருவதாக ஒருவர் விலை சொல்லியிருக்கிறார். வீட்டுப் போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். (ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பு, மில்லிகிராமில்) 1100. எவ்வளவு பெரிய டேங்க் வாங்கலாம்? எப்படிப் பொருத்த வேண்டும்?

பதில்: அவருக்கு இன்னும் முன்பணம் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். 1000 லிட்டர் தண்ணீரின் எடை 1000 கிலோ. குட்டி யானை அதைச் சுமக்கும் வண்டியல்ல. அதற்கு 350 லிட்டர் டேங்க்தான் சரி, கணக்கைப் பிறகு சொல்கிறேன். ஆர்.ஓ.வை வண்டிக்குள் வைப்பதும் நம் மாவட்டத்துத் தண்ணீருக்கும் வெயிலுக்கும் ஒத்துவராது. தண்ணீரை வீட்டில் சுத்தம் செய்யுங்கள். வண்டி அதைச் சுமந்து செல்லட்டும், அவ்வளவு போதும். ஏன் என்று சொல்கிறேன்.

இந்த முறையில் துணியால் துடைத்து உலர்த்தும் வேலை கிடையாது. பிரஷால் தேய்த்து, அதே தண்ணீரால் அலசிவிட்டு அப்படியே காய விடுகிறோம். எனவே தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறதோ அது கண்ணாடியில் தங்கிவிடும். டி.டி.எஸ். 1100 என்றால் ஒவ்வொரு லிட்டரிலும் ஒரு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. அதைக் கொண்டு அலசினால் கண்ணாடி முழுவதும் வெள்ளைப் புள்ளிதான். புள்ளி விழாமல் காய வேண்டுமானால் டி.டி.எஸ். 10-க்குக் கீழே இருக்க வேண்டும். சுழியத்தை ஒட்டி இருந்தால் நிம்மதி. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் 500 வரை நல்லது என்றும், வேறு நீர் கிடைக்காதபோது 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. குடிக்கத் தகுந்த தண்ணீர் என்பதற்காக அது கண்ணாடிக்கும் தகுந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

1100-ஐ 10-க்குக் கொண்டுவர இரண்டு படிகள் வேண்டும். முதலில் ஆர்.ஓ., அதன் பின் மிச்ச உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரிசின் மணிகள் நிரப்பிய உருளை. சிலர் ரிசின் உருளை மட்டும் போதும் என்பார்கள். தண்ணீர் மென்மையான ஊர்களில் அது உண்மை. இங்கே 10 லிட்டர் ரிசினில் போர் தண்ணீரை நேரடியாக விட்டால், 350 லிட்டர் டேங்க் ஒருமுறை நிரம்புவதற்குள்ளேயே அதன் சக்தி தீர்ந்துவிடும். முதலில் ஆர்.ஓ. வழியாக விட்டால், அதற்குள் இருக்கும் நல்ல மெம்பரேன் (வடிகட்டும் சவ்வு) நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு உப்பை விலக்கும். 1100 என்பது 55 ஆகிவிடும். அதே ரிசின் இப்போது ஏறத்தாழ இருபது மடங்கு தண்ணீரைத் தரும். ரிசின் செலவுதான் இந்தத் தொழிலில் மாதாமாதம் கையைக் கடிக்கும் செலவு. ஆகவே ஆர்.ஓ.வில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள்.

மணிக்கு 100 லிட்டர் தரும் ஆர்.ஓ. உங்களுக்குப் போதும். இரவில் மூன்றரை மணி நேரம் ஓடினால் மறுநாளுக்கான 350 லிட்டர் தயார். அதன் முன்னால் மண், துரு பிடிக்கும் வடிகட்டி அவசியம். போர் தண்ணீரின் கடினத்தன்மை அதிகமாக இருந்தால் மெம்பரேனில் சுண்ணாம்பு படியாமல் இருக்க மென்னீராக்கியோ, படிவைத் தடுக்கும் மருந்தோ வேண்டும். இதை விற்பவர் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேளுங்கள். சில மாதங்களில் மெம்பரேன் அடைத்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். குளோரின் கலந்த குழாய் நீரை எப்போதாவது விட நேர்ந்தால் அதற்கு முன் கரி வடிகட்டியும் இருக்க வேண்டும். குளோரின் மெம்பரேனைத் தின்றுவிடும்.

இப்படிப்பட்ட இயந்திரத்தை வண்டியில் ஏற்றினால் என்ன ஆகும்? மெம்பரேன் 45 டிகிரிக்கு மேல் சூட்டைத் தாங்காது. சித்திரை, வைகாசியில் வெயிலில் நிறுத்திய மூடிய கூண்டுக்குள் அந்தச் சூடு எளிதாக வந்துவிடும். கூடவே ஆர்.ஓ., வடிகட்டிகள், அழுத்தப் பம்பு ஆகியவற்றின் எடையும் சேரும். அந்த எடைக்குத் தண்ணீரையே ஏற்றலாம். வாடிக்கையாளர் வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் எடுத்து அங்கேயே சுத்தம் செய்வது இங்கிலாந்தில் நடைமுறைக்கு ஒத்து வரலாம். அங்கே பலர் வைத்திருப்பது மூன்றரை டன் வேன்; அவர்களுடைய கவலை குளிரில் குழாய் உறைவது. அந்த ஊர் வீடியோவைப் பார்த்து இங்கே வண்டி கட்டினால் பணம்தான் வீண்.

ஆர்.ஓ. தள்ளிவிடும் கழிவு நீரைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்குக் குறைந்தது ஒரு லிட்டராவது கழிவாகப் போகும். கரைந்திருந்த உப்பில் பெரும்பகுதி அந்தக் கழிவில்தான் இருக்கும். ஃபுளோரைடும் அப்படித்தான், பாதித் தண்ணீர் கழிவானால் அதில் ஃபுளோரைடு கிட்டத்தட்ட இரு மடங்காகிவிடும். குடிநீரில் லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது வரம்பு. கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆகிய நம் இரு மாவட்டங்களிலும் பல ஊர்களின் நிலத்தடி நீர் அந்த வரம்பைத் தாண்டியதால்தான் பற்கள் கறைபட்டன, எலும்புகள் வளைந்தன. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்து, 2013-இல் செயல்பாட்டுக்கு வந்தது. ஆகவே அந்தக் கழிவு நீரை மாட்டுத் தொட்டியில் விடாதீர்கள், கீரைப் பாத்திக்கும் விடாதீர்கள். கழிப்பறைக்கும் தரை கழுவவும் பயன்படுத்தலாம். ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரை இந்தத் தொழிலுக்கு எடுப்பதும் சரியல்ல. அது மக்கள் குடிப்பதற்காக வந்த தண்ணீர்.

தொடக்கத்திலேயே ஆர்.ஓ.வுக்குப் பணம் போட முடியாவிட்டால் இன்னொரு வழி உண்டு. பக்கத்தில் கேன் தண்ணீர் நிரப்பும் ஆலை இருந்தால், தாது உப்பு சேர்ப்பதற்கு முந்தைய நிலையில் ஆர்.ஓ. தண்ணீரை மொத்தமாகத் தரச் சொல்லிப் பேசுங்கள். அதை உங்கள் ரிசின் உருளை வழியாக விட்டால் போதும். தொழில் நிலைபெற்ற பிறகு சொந்த இயந்திரம் வாங்கிக்கொள்ளலாம்.

மீட்டரை மட்டும் நம்பாதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரின் மின்கடத்தும் தன்மையைத்தான் அளக்கிறது. மணலில் இருக்கும் சிலிக்கா கரைந்து வந்தால் அதில் சரியாகத் தெரியாது. கிரானைட்டும் நைஸ் என்ற பாறையும் நிறைந்த பகுதி நம்முடையது. நிலத்தடி நீரில் சிலிக்கா கரைந்து வருவது இயல்பு. ரிசின் தளரத் தொடங்கும்போது முதலில் நழுவி வெளியேறுவதில் சிலிக்காவும் ஒன்று. மீட்டர் 3 என்று காட்டும், கண்ணாடியிலோ புள்ளி விழும். எனவே வாரம் ஒருமுறை ஒரு பழைய முகம் பார்க்கும் கண்ணாடியில் சில சொட்டு விட்டு நிழலில் காய வையுங்கள். சுவடே இல்லாமல் காய்ந்தால் தண்ணீர் நல்ல தண்ணீர்.

இனி வண்டிக்கு வருகிறேன். பதிவுச் சான்றில் மொத்த எடை, வெற்று எடை என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வண்டி சட்டப்படி சுமக்கக்கூடியது. குட்டி யானையின் பல மாடல்களில் இது முக்கால் டன்னை ஒட்டி வரும். அதற்குள் ஓட்டுநரும் உதவியாளரும் அடக்கம். 140 கிலோ போயிற்று. கூண்டை வண்டி வாங்கிய பிறகு கட்டியிருந்தால் அது 100 கிலோவுக்கு மேல் இருக்கலாம். டேங்க், இரும்புச் சட்டம், குழாய் சுற்றும் ரீல், கம்புகள், பேட்டரி எல்லாம் சேர்ந்து இன்னொரு 150 கிலோ. மிஞ்சுவது 350 லிட்டர் தண்ணீருக்கான இடம்தான். இது மனக்கணக்கு. சரியான கணக்கு எடை மேடையில் கிடைக்கும். டேங்க் வாங்குவதற்கு முன்பே வண்டியில் டீசல் நிரப்பி, கம்பும் கருவிகளும் ஏற்றி, இருவரும் உட்கார்ந்து ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். அதிகச் சுமைக்கு மோட்டார் வாகனச் சட்டத்தில் இப்போது அபராதம் 20,000 ரூபாயில் தொடங்குகிறது; கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2000 ரூபாய் தனி. அபராதத்தை விடப் பெரிய கவலை பிரேக். தர்மபுரிக்குத் தெற்கே தொப்பூர் கணவாயில் இறங்கும்போது, வண்டி தாங்கக்கூடியதற்கு மேலான ஒவ்வொரு கிலோவும் உங்களைக் கீழே தள்ளும்.

350 லிட்டர் போதுமா என்ற சந்தேகம் வரும். பிரஷில் நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் ஓடினால் நல்ல அலசல் கிடைக்கும். அப்படியானால் ஏறத்தாழ மூன்று மணி நேரம் குழாய் திறந்திருக்கலாம். கம்பை நகர்த்தும் நேரம், இடம் மாறும் நேரம், சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் தண்ணீர் ஓடுவதில்லை. ஒரு கம்பு வைத்து வேலை செய்பவருக்கு அநேகமாக ஒரு நாள் ஓடிவிடும். கிரானைட் பட்டறைகளின் அருகிலோ, புதிதாகக் கட்டிய கட்டடத்திலோ முதல்முறை துடைக்கும்போது மட்டும் கூடுதலாகச் செலவாகும்.

வீட்டு மாடியில் வைக்கும் கறுப்பு டேங்கை வாங்கி ஏற்றிவிடாதீர்கள். அது அசையாமல் நிற்பதற்காகச் செய்யப்பட்டது. உள்ளே தடுப்பு கிடையாது, பாதி காலியானதும் தண்ணீர் முன்னும் பின்னும் மோதி வண்டியையே ஆட்டும். வாகனத்துக்கென்று செய்த, தடுப்புச் சுவர் உள்ள, தாழ்வான, தட்டையான டேங்க் வேண்டும். வெளிச்சம் புகாத நிறமாக இருக்கட்டும், பாசி பிடிக்காது. கையை உள்ளே விட்டுக் கழுவும் அளவு பெரிய மூடி, அடியில் வடிகால், காற்றுப் போக வழி, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பொருத்தும் வேலையில்தான் உயிர் இருக்கிறது. டேங்கை ஓட்டுநர் அறையின் பின்சுவரை ஒட்டி, எடையின் பெரும்பகுதி பின் அச்சுக்குச் சற்று முன்னால் விழும்படி வையுங்கள். கதவோரம் வைத்தால் குழாய் இழுக்க வசதி என்று பட்டறையில் சொல்வார்கள், கேட்காதீர்கள். பின்னால் எடை கூடினால் ஸ்டியரிங் லேசாகிவிடும். டேங்கைச் சுற்றிச் சதுரக் குழாயில் ஒரு சட்டம் வெல்டு செய்து, அந்தச் சட்டத்தை வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸோடு பிணைக்க வேண்டும். தரைத் தகட்டில் மட்டும் போல்ட் போட்டால், மோதலின்போது தகடு கிழிந்து டேங்க் ஓட்டுநர் முதுகில் வந்து விழும். சேஸிஸில் புதுத் துளை போடவோ, நேரடியாக வெல்டு வைக்கவோ விடாதீர்கள். அது சேஸிஸைப் பலவீனமாக்கும். ஏற்கனவே உள்ள துளைகளையும் யு-போல்ட்டையும் பயன்படுத்தச் சொல்லுங்கள். 12 மி.மீ.க்குக் குறையாத, 8.8 தரக் குறி பொறித்த போல்ட்டுகள், ஒவ்வொன்றின் அடியிலும் கனமான தகடு, கழன்றுவிடாத நட்டு. மேலே இழுத்து இறுக்கும் ராட்செட் பட்டைகள் இரண்டு. கூண்டுக்குள் எந்த வெல்டு வேலை நடந்தாலும் முதலில் வண்டி பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். எல்லாம் முடிந்த பின் சட்டத்தின் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, காலியான சாலையில் 30 கி.மீ. வேகத்தில் இரண்டு மூன்று முறை அழுத்திப் பிரேக் போட்டுப் பாருங்கள். கோடு ஒரு மயிரிழை நகர்ந்திருந்தாலும் மறுபடியும் பட்டறைக்குப் போங்கள்.

பம்பு பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். வயலில் மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயரில் இருப்பதும் இதே வகை 12 வோல்ட் டயாஃப்ரம் பம்புதான், இங்கே சற்றுப் பெரியது. ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைச் சேர்த்து வாங்கினால் தண்ணீர் வெகுவாக மிச்சமாகும். பம்புக்கு முன்னால் சிறு வடிகட்டி, பின்னால் 100 மீட்டர் மெல்லிய குழாய் சுற்றிய ரீல். வண்டியின் பேட்டரியிலிருந்து நேரடியாக ஓட்டாமல் 100 ஆம்பியர்-மணி அளவுள்ள, மூடிய வகைத் தனி பேட்டரி வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி மூடிய கூண்டுக்குள் வேண்டாம், அமிலம் சிந்தும், வாயுவும் சேரும். ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். உப்பு நீக்கிய தண்ணீர் இரும்பை அரிக்கும், ஜி.ஐ. இணைப்புகளை ஒதுக்கிவிட்டு பிளாஸ்டிக்கோ எவர்சில்வரோ போடுங்கள்.

கம்பு வாங்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம். அலுமினியமும் கார்பன் ஃபைபரும் மின்சாரத்தைக் கடத்தும். கடைவீதிகளில் மாடி ஜன்னலுக்கு எதிரிலேயே மின்கம்பி போகும் இடங்கள் நிறைய. நீட்டிய கம்பு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடக்கூடிய இடத்தில் வேலையை ஏற்காதீர்கள், எவ்வளவு கூலி தந்தாலும் சரி. கண்ணாடி இழைக் கம்பு என்றாலும் அதன் மேல் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும்.

காகித வேலை சுருக்கம்தான். வண்டியின் அமைப்பில் பதிவுச் சான்றுக்கு மாறான மாற்றம் செய்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஒப்புதல் தேவை. கூண்டு ஏற்கனவே பதிவில் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கழற்றி எடுக்கக்கூடிய சட்டமாக இருந்தாலும், வேலை தொடங்கும் முன் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்; விபத்துக்குப் பிறகு தெரிந்தால் இழப்பீடு கேட்கும்போது சிக்கல் வரும்.

வேலை நாட்களில் கிழக்குப் பார்த்த கண்ணாடியைப் பிற்பகலிலும் மேற்குப் பார்த்ததைக் காலையிலும் எடுத்துக்கொண்டால், சூடேறிய கண்ணாடியில் அழுக்குத் தண்ணீர் அலசும் முன்பே காய்ந்துபோகும் தொல்லை இருக்காது. சனிக்கிழமை மாலை டேங்கில் மிச்சம் இருந்தால் வடித்துவிட்டு மூடியைத் திறந்து உலர விடுங்கள். ஆர்.ஓ. மெம்பரேனோ உலரவே கூடாது. சில நாட்கள் வேலை இல்லாவிட்டாலும் இரண்டு நாளுக்கு ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுங்கள்.