கேவிஎம் (சர்வரின் திரையையும் கீபோர்டையும் தூரத்திலிருந்து இயக்கும் வசதி) இல்லை, ரெஸ்க்யூ மோட் மட்டும் இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள சர்வரில் டெபியன் லினக்ஸ் நிறுவ முடியுமா?

முடியும். மதுரையில் உட்கார்ந்துகொண்டு ஜெர்மனியில் இருக்கும் ஒரு சர்வரில் செய்திருக்கிறேன். முதல் தடவை சொதப்பினேன்.

நீங்களும் மாத வாடகைக்கு ஒரு பழைய பயாஸ் மெஷினை எடுத்துவிட்டு, அவர்கள் போட்டுத் தரும் பார்ட்டிஷன் பிடிக்காமல் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரெஸ்க்யூ என்பது ரேமிலேயே ஓடும் சின்ன லினக்ஸ், அதனால் டிஸ்க்கைத் தாராளமாக அழிக்கலாம். பார்ட்டிஷன் பிரித்து, மவுண்ட் செய்து, டெபியனை இறக்கிப் போடும் டிபூட்ஸ்ட்ராப் கருவியை ஓடவிட்டால் அடிப்படை சிஸ்டம் இறங்கிவிடும். கெர்னல் (சிஸ்டத்தின் கரு), கிரப் (அதை பூட் செய்யும் நிரல்), எஸ்எஸ்எச் சர்வர் (தூரத்திலிருந்து உள்ளே நுழைய) எதுவும் அதில் வராது. சிஎச்ரூட் செய்து, அதாவது அந்தப் புது சிஸ்டத்தின் உள்ளே போய், நாம்தான் போட வேண்டும். ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதி) என்பதால் கிரப்பை இரண்டு டிஸ்க்கிலும் போட்டேன். அதுவரை எல்லாம் சரி.

ரீபூட் கொடுத்தேன். பிங்குக்குப் பதில் இல்லை. பத்து நிமிடம் ஆகியும் இல்லை. மணி இரவு ஒன்று. திரும்ப ரெஸ்க்யூவில் ஏற்றி புது சிஸ்டத்தின் பதிவேடான ஜர்னலைத் திறந்தால், சிஸ்டம் அழகாக பூட் ஆகி சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது! ரெஸ்க்யூவில் நெட்வொர்க் கார்டின் பெயர் ஈத்0. அதையே கான்ஃபிகில் எழுதிவிட்டேன். புது சிஸ்டம் அதே கார்டுக்கு ஈஎன்பி3எஸ்0 என்று பெயர் வைத்துக்கொண்டது, அதனால் நெட்வொர்க் எழவே இல்லை. 2017இல் டெபியன் 9 வந்ததிலிருந்தே இப்படித்தான், எனக்குத் தெரியாததும் அல்ல. தூக்கக் கலக்கம். பிறகு கார்டுக்கே உரிய மேக் முகவரியை வைத்து, நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டியில் எழுதினேன், பெயர் என்னவானாலும் கவலை இல்லை.

'டெபியன் இன்ஸ்டாலரிலேயே நெட்வொர்க் கன்சோல் இருக்கிறதே, எஸ்எஸ்எச்சில் நுழைந்து நிறுவலாமே' என்று யாராவது வருவார்கள். தெரியும் ஐயா. அதில் ஐபியைத் தப்பாகக் கொடுத்தாலும் இதே கதிதான். எனக்கு ஒவ்வொரு படியையும் கண்ணால் பார்த்துச் செய்தால்தான் நிம்மதி.

இத்தனையும் கம்பெனி சர்வருக்காக. விடிய நான்கு மணிக்கு முடித்துவிட்டுக் காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகப் போனேன், அரை நாள் லீவில் பிடித்துக்கொண்டார்கள். இரவு வேலைக்கு ஈடாக விடுப்பு கேட்டால், 'வீட்டில் இருந்துதானே செய்தாய்' என்கிறார் மேனேஜர். சர்வர் ஒழுங்காக ஓடும்வரை நம்மை யாருக்கும் ஞாபகம் வராது.

சரி, ஒன்று விட்டுப்போனது. ரீபூட்டுக்கு முன் உங்கள் எஸ்எஸ்எச் சாவியை உள்ளே வைத்துவிடுங்கள். வெறும் பாஸ்வேர்டை வைத்து ரூட்டை (நிர்வாகி கணக்கை) டெபியன் எஸ்எஸ்எச்சில் விடாது.