வாங்கும் முன்: வார்ஃப்டேல் ஸ்பீக்கர் கேள்விகள்

கேள்வி: அப்பா வைத்திருந்தது வார்ஃப்டேல். அதே நம்பிக்கையில் அவர்களுடைய லின்டன் மாடலில் புது ஜோடி வாங்கினேன். பின்பக்கம் 'மேட் இன் சைனா' என்றிருக்கிறது. போலியைத் தலையில் கட்டிவிட்டார்களா? – கோவை வாசகர்

பதில்: அதை வைத்துப் போலி என்று சொல்ல முடியாது. கில்பர்ட் பிரிக்ஸ் 1932இல் யார்க்‌ஷயரின் இல்க்லி ஊரில், தன் வீட்டு நிலவறையில் தொடங்கிய கம்பெனி அது. 1958லேயே அதை ராங்க் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். 1980களின் தொடக்கத்தில் வந்த டயமண்ட் என்ற சின்ன ஸ்பீக்கர், 'குறைந்த விலையில் நல்ல ஒலி' என்று பேர் வாங்கித் தந்தது. பிறகு அந்தப் பேரே சுமையாகி, மலிவு பிராண்ட் என்று ஹைஃபை பிரியர்கள் ஒதுக்கினார்கள். 1990களில் ஐஏஜி (இன்டர்நேஷனல் ஆடியோ குரூப்) குழுமத்தின் கைக்குப் போய், உற்பத்தியும் சீனாவுக்குப் போனபோது கதை முடிந்தது என்றே பலர் நினைத்தார்கள். முடியவில்லை. ஸ்பீக்கர் யூனிட், ஒலியைப் பிரித்து யூனிட்டுகளுக்கு அனுப்பும் கிராஸ்ஓவர், மரப்பெட்டி எல்லாம் ஐஏஜியின் சொந்த ஆலையிலேயே தயாராகின்றன. 2012இல் டென்டன், 2019இல் லின்டன் என்று பழைய மாடல் பெயர்கள் மறுபடி வந்தபோது, ஒதுக்கியவர்களே தேடி வந்தார்கள்.

எனக்குக் கோபம் கடைக்காரர்கள் மேல்தான். இங்கிலாந்துப் பெருமையை உருகி உருகிச் சொல்வார்கள். எங்கே செய்தது, இங்கே யார் சர்வீஸ், வாரன்டி எத்தனை வருஷம் என்று கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். தயாரான நாடு, இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி எல்லாம் பெட்டி மேல் இருக்க வேண்டும் என்பது சட்டம். அந்த ஸ்டிக்கர் உங்கள் பெட்டியில் இருக்கிறதா, அதைப் பாருங்கள். அப்பா காலத்துப் பேரை நம்பி, அதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: பில் வேண்டாமென்றால் 4,000 குறைப்பதாகச் சொன்னார்கள், சரி என்றேன். ட்வீட்டர் (கீச்சொலி தரும் சின்ன யூனிட்) போய்விட்டது. வாரன்டி கிடைக்குமா?

பதில்: பில் இல்லாமல் எதைக் காட்டிக் கேட்பீர்கள்? வாரன்டியை 4,000 ரூபாய்க்கு நீங்களே விற்றுவிட்டீர்கள்.

கேள்வி: பழைய வார்ஃப்டேல் ஜோடி, 38,000 ரூபாய். 'எல்லாம் ஒரிஜினல்' என்று கடைக்காரர் வாட்ஸ்அப்பில் எழுதினார். ஒரு பக்கம் கரகரத்தது. திறந்தால் உள்ளே லோக்கல் வூஃபர் (கனத்த ஒலி தரும் பெரிய யூனிட்). – சென்னை வாசகி

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை, அம்மா. எனக்கும் இப்படி ஒரு ஜோடி வந்தது. முன்வலையைக் கழற்றவே விடாமல் விற்றார்கள். அந்தப் பணம் திரும்பவில்லை. உங்களுடையது திரும்ப வழி இருக்கிறது. இரண்டு வூஃபரையும் படம் எடுங்கள், அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். பணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள், அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. அதுவரை ரிப்பேருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அந்த வூஃபர்தான் சாட்சி.

கேள்வி: பத்துக்குப் பத்து அறை. டயமண்டா, லின்டனா?

பதில்: டயமண்ட். லின்டன் பெரிய பெட்டி, ஸ்டாண்டும் வேண்டும். சின்ன அறையில் சுவரை ஒட்டி வைத்தால் பேஸ் குமுறும். மிச்சப் பணத்தை ஆம்ப்ளிஃபயரில் போடுங்கள்.