மண்டூர் எப்போது உங்கள் வழியில் வந்தது?

கேள்வி: பள்ளிக்கூட விடுமுறைக்குக் குடும்பமாக வேன் பிடித்து, கொழும்பு, யாழ்ப்பாணம், திருகோணமலை என்று சுற்றிவிட்டு அக்கரைப்பற்றுக்குத் திரும்பினோம். வரும் வழியில் மண்டூரில் இருக்கும் என் பழைய நண்பனைப் பார்க்க நினைத்தேன். எல்லோரும் களைத்துப் போயிருந்ததால் அவனைக் களுவாஞ்சிக்குடிச் சந்திக்கு வரச் சொன்னேன். ஒரு சட்டித் தயிரோடு வந்தான். வேனடியில் நின்று பத்து நிமிடம் பேசினோம். இப்போது போன் எடுத்தால் முகம் கொடுத்துப் பேசுகிறானில்லை. நான் செய்தது அவ்வளவு பெரிய பிழையா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: மண்டூர் எப்போது ஐயா உங்கள் வழியில் வந்தது? நீங்கள் வந்தது கிழக்கே கடல் பக்கத்து எழுவான்கரையால். நண்பர் இருப்பது மேற்கே படுவான்கரையில். நடுவில் 56 கிலோமீற்றர் நீளத்துக்கு மட்டக்களப்பு வாவி கிடக்கிறது. கொழும்புக்காரருக்கு இது தெரியாமல் இருக்கலாம், அக்கரைப்பற்றாருக்குமா? வழியில் இருப்பது பெற்றோல் ஷெட். நண்பன் எப்போதும் கொஞ்சம் உள்ளேதான் இருப்பான்.

ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடியிருக்கிறீர்கள். அப்போதெல்லாம் வராத களைப்பு குருமண்வெளியில் பாதை (ஆளையும் வாகனத்தையும் ஏற்றிக் கடக்கிற மிதவை) ஏறி வாவியைக் கடக்கிற இடத்தில் வந்துவிட்டது. சரி, வேனைப் பாதையில் ஏற்றப் பயம் என்றே வைப்போம். பட்டிருப்புப் பாலம் எதற்கு இருக்கிறது? போரதீவு, வெல்லாவெளி என்று சுற்றினால் சில்லு நனையாமல் மண்டூர் போகலாம். சின்னக் கதிர்காமம் என்று பெயரெடுத்த முருகனையும் அப்படியே கும்பிட்டிருக்கலாம். நல்லூர் முருகனுக்கு மட்டும் நேரம் இருந்திருக்கும்!

பாதை என்றதும் ஞாபகம் வருகிறது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை திருகோணமலை வீதியில் வந்தவர்கள் கிண்ணியாவில் ஒன்று, வெருகலில் ஒன்று என்று பாதைக்கு மேல் பாதையாக ஏறி இறங்கித்தான் வந்தார்கள். 2014இல் மண்முனையிலும் பாலம் வந்துவிட்டது. நல்ல விஷயம்தான், நோயாளியோடு கரையில் காத்துக் கிடந்தவனுக்குத் தெரியும் அதன் அருமை. ஆனால் பாதைக்குக் காத்திருந்த சனம் ஒருவரை ஒருவர் விசாரித்தது. பாலத்தில் யாரும் யாரையும் விசாரிப்பதில்லை. இதைச் சொன்னால் நான் அபிவிருத்திக்கு எதிரி என்று ஒருவர் கடிதம் போடுவார். போடட்டும்.

கடிதம் என்றால் எங்கள் யாழ்ப்பாணத்து வாசகரை மறக்க முடியாது. மட்டக்களப்பார் மந்திரக்காரர், போனால் பாயோடு ஒட்ட வைத்துவிடுவார்கள் என்று வடக்கே ஒரு கதை. அந்த மந்திரத்தின் பெயர் மீன்குழம்பு என்று முன்பொரு தடவை இந்தப் பக்கத்தில் எழுதினேன். அவர் விடவில்லை. தன் மாமனார் 'வேலையாக' மட்டக்களப்புக்குப் போய் மூன்று மாதம் திரும்பவில்லையாம், மீன்குழம்புக்கு அவ்வளவு பலம் கிடையாதாம். மாமனாரை நான் விசாரிக்கத் தேவையில்லை. ஆனால் அவருக்கு ஒரு நற்செய்தி: மந்திரத்துக்கு மாற்று மருந்து கிடைத்துவிட்டது. அக்கரைப்பற்றுக்காரர் ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். வீட்டுக்கே போகக் கூடாது, பாய் விரிக்க இடமே கொடுக்கக் கூடாது, சந்தியில் வேன் கதவைப் பிடித்தபடி நின்றே பேச வேண்டும். எந்த மந்திரமும் பிடிக்காது.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் பாசிக்குடா ஹோட்டலில் இருந்துகொண்டு சொந்தக்காரரை அங்கே வரச் சொல்வதைப் பலமுறை திட்டி எழுதியிருக்கிறேன். அவர்களுக்காவது விமானம் பிடிக்கிற அவசரம். களுவாஞ்சிக்குடியிலிருந்து உங்கள் வீடு ஏறத்தாழ 40 கிலோமீற்றர். வீட்டுக்குப் போய்க் குளித்து, நித்திரை கொண்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆறுதலாகப் போயிருக்கலாமே! தூரத்து நண்பர்களுக்கெல்லாம் புதுச் சட்டையோடும் பொதியோடும் போய் இறங்குகிறோம். பக்கத்தில் இருப்பவனுக்கு ஊத்தை உடுப்புப் பையும், தூங்கி வழிகிற பிள்ளைகளும், செத்துப்போன போனும். அவர் தயிரோடு வந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று எழுதவில்லை. பருத்தித்துறை வடைப் பைக்கற்றில் மிஞ்சியதாக இருக்கும்.

பிழையா என்று கேட்டீர்கள். பிழைதான். அவர் கோபம் சந்திக்கு வந்ததால் என்று நான் நினைக்கவில்லை. நீங்கள் வருகிறீர்கள் என்றதும் அந்த வீட்டில் உலை வைத்திருப்பார்கள். அவருடைய அம்மா இருந்தால் "சோறு தின்னாமப் போயிட்டானா மனே?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருப்பார். பதில் சொல்லிக்கொண்டிருப்பது உங்கள் நண்பர்.

போனில் மன்னிப்புக் கேட்டு மழுப்ப வேண்டாம். வேனும் வேண்டாம். மோட்டார் சைக்கிளில் மனைவியை ஏற்றிக்கொண்டு மத்தியானச் சோற்றுக்கு முன்னால் போய் இறங்குங்கள். கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று மட்டும் நண்பரிடம் கேட்காதீர்கள். இராத்திரி உங்களைத் தங்க வைப்பதற்காகப் பொய் சொல்வார்.