நம்பி வண்டியைக் கொடுக்கத்தக்க சைக்கிள் கடை எது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாரத்துக்கு 200 கிலோமீட்டருக்குக் குறையாமல் ரோடு பைக் ஓட்டுகிறேன். பணி மாற்றத்தால் புதிய ஊருக்கு வந்திருக்கிறேன். இங்கே பெரிதும் சிறிதுமாகப் பல சைக்கிள் கடைகள் இருக்கின்றன. ஆனால் எனக்கு யாரையும் தெரியாது. எந்தக் கடையை நம்பி வண்டியை ஒப்படைப்பது?

பதில்: கடைக்குள் நுழைந்ததும் பட்டறை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். விற்பனைக்கு நிறுத்தியிருக்கும் வண்டிகள் எவ்வளவு உயர்ந்தவையாக இருந்தாலும், கடைக்காரர் எந்த நிறுவனத்திடம் சரக்கு எடுக்கிறார் என்பதைத்தான் அவை சொல்லும். நாளை உங்கள் வண்டியைத் தொடப்போகிறவரின் கை எப்படிப்பட்டது என்பதைப் பட்டறைதான் சொல்லும். வாடிக்கையாளர் எட்டிப் பார்க்கும்படி திறந்திருக்கும் பட்டறையாக இருந்தால், ஏதாவது ஒரு ட்யூப் வாங்கும் சாக்கில் பத்து நிமிடம் நின்று கவனியுங்கள்.

கவனிக்க வேண்டிய முதல் கருவி, போல்ட்டை அளவு பார்த்து முறுக்க உதவும் டார்க் ரென்ச். ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் போல்ட்டுகளை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது அந்தப் பாகத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். கார்பன் பாகத்தில் அதைத் தாண்டி அரைச் சுற்று முறுக்கினாலும் உள்ளே விரிசல் விழலாம், அது வெளியே தெரியாமலும் போகலாம். “எத்தனை வருஷமாகச் செய்கிறேன், என் கைக்கே அளவு தெரியும்” என்று சொல்பவரின் அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் கார்பன் ஹேண்டில்பாரை அவரிடம் கொடுக்க மாட்டேன். இரண்டாவது, செயினைக் கியருக்குக் கியர் நகர்த்தும் பின் டீரெய்லர் தொங்கும் சிறு உலோகத் துண்டான ஹேங்கர் நேராக இருக்கிறதா என்று அளக்கும் கருவி. வண்டி வலப்பக்கமாக ஒருமுறை சாய்ந்து விழுந்தாலே அந்தத் துண்டு வளையக்கூடும். அதை அளந்து பார்க்காமல் கேபிளை மட்டும் இழுத்தும் தளர்த்தியும் கொண்டிருந்தால், ஒரு கியர் சரியாகும்போது இன்னொன்று தவறும். மூன்றாவது, கோட்டம் எடுக்கும் ஸ்டாண்டும் ஸ்போக்குகளின் இழுவிசையை அளக்கும் மீட்டரும். ரிம் நேராகச் சுற்றுவது மட்டும் போதாது. ஒரே பக்கத்து ஸ்போக்குகள் ஏறத்தாழ ஒரே இழுவிசையில் இருந்தால்தான் சக்கரம் நாள்பட நேராகவே இருக்கும்.

வண்டியை ஸ்டாண்டில் மாட்டும்போது எங்கே பிடிக்கிறார் என்பதும் முக்கியம். சீட்டைத் தாங்கும் கம்பமான சீட் போஸ்டில் பிடிப்பவர் விஷயம் தெரிந்தவர். மெல்லிய கார்பன் மேல் குழாயைக் கவ்வியில் இறுக்குபவரைப் பார்த்தால், வாங்கிய ட்யூபோடு திரும்பி வந்துவிடுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் பெரிதாக மதிப்பது, கருவியைக் கையில் எடுக்கும் முன் அவர் கேட்கும் கேள்விகளை. சில வருடங்களுக்கு முன் என் வண்டியில், பெடலை அழுத்தும்போதெல்லாம் ஒரு கிரீச்சொலி கேட்டது. முதலில் கொண்டுபோன கடையில், பெடல்களின் நடு அச்சைத் தாங்கும் பேரிங் தொகுதியான பாட்டம் பிராக்கெட்தான் காரணம் என்று சொல்லிப் புதிதாக மாற்றினார்கள். வீட்டுக்கு வரும் வழியிலேயே அதே சத்தம். இரண்டாவது கடையில் இருந்த மெக்கானிக் வண்டியைத் தொடவே இல்லை. “உட்கார்ந்து மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, எழுந்து நின்று மிதித்தாலும் வருகிறதா?” என்று கேட்டார். நான் கவனித்ததே இல்லை. தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கச் சொன்னார். எழுந்து நின்றதும் சத்தம் நின்றுவிட்டது. அப்படியானால் கோளாறு சீட்டிலோ சீட் போஸ்டிலோதான் இருக்க வேண்டும் என்று சொல்லி, போஸ்டை வெளியே எடுத்து, அதில் வெள்ளையாகப் பூத்திருந்த படிவைத் துணியால் துடைத்து, ஃபிரேமின் உட்புறத்தையும் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, முன்பிருந்த அதே உயரத்துக்கு அளந்து இறக்கினார். அளப்பதற்காக, போஸ்டை உருவும் முன்பே அதில் ஒரு சின்ன டேப் ஒட்டி அடையாளம் வைத்திருந்தார். அந்த டேப்பைப் பார்த்த அன்றே அது என் கடையாகிவிட்டது.

ஆகவே முதலில் ஒரு சிறு வேலையைக் கொடுத்துப் பாருங்கள். பிரேக் பேட் மாற்றுவதோ, பின் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதோ போதும். என்ன செய்யப்போகிறோம் என்பதை எழுதித் தருகிறாரா, கூடுதல் வேலை தேவைப்பட்டால் செய்வதற்கு முன் உங்களைக் கேட்கிறாரா, சொன்ன நாளில் தருகிறாரா, தர முடியாவிட்டால் முன்கூட்டியே சொல்கிறாரா என்று பாருங்கள். இதில் தேறியவரிடம் பெரிய ஓவர்ஹாலிங் வேலையைத் தயங்காமல் கொடுக்கலாம்.

கேள்வி: செயின் மட்டும் மாற்றச் சொல்லிக் கொடுத்தேன். மாற்றிய பிறகு, மேட்டில் அழுத்தி மிதித்தால் செயின் பல்லைத் தாண்டிக் குதிக்கிறது. கேட்டால், பின்சக்கரத்தின் பற்சக்கர அடுக்கான “கேசட்டையும் மாற்ற வேண்டும்” என்கிறார்கள். என்னை ஏமாற்றுகிறார்களா?

பதில்: ஏமாற்றுகிறார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முன்பே சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். செயினின் கண்ணிகள் ஒவ்வொன்றும் அரை அங்குல இடைவெளியில் அமைந்தவை. ஓட ஓட, உள்ளே இருக்கும் பின்கள் தேய்ந்து அந்த இடைவெளி கூடுகிறது. இதைத்தான் செயின் நீண்டுவிட்டது என்கிறோம். இடைவெளி கூடிய செயின் கேசட்டின் பற்களையும் தன் அளவுக்கு ஏற்பத் தேய்த்துவிடுகிறது. அந்தப் பற்களின் மேல் சரியான அளவுள்ள புதுச் செயினைப் போட்டால் அது உட்காராமல் குதிக்கிறது. எனவே அவர்கள் இப்போது சொல்வது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.

செயின் தேய்மானத்தை அளக்கும் தகடு ஒன்று உண்டு; அதை வைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. பின்சக்கரத்தில் 11, 12 கியர் உள்ள வண்டிகளில் 0.5 சதவீதத் தேய்மானம் தெரிந்ததுமே செயினை மாற்றிவிடுவது நல்லது. 10 கியரும் அதற்குக் குறைந்ததும் என்றால் 0.75 சதவீதம் வரை விடலாம். தகடு இல்லாவிட்டால் வீட்டிலேயே ஓர் இரும்பு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். புதுச் செயினில், ஒரு பின்னின் நடுவில் ஸ்கேலின் தொடக்கத்தை வைத்தால் 12 அங்குலக் கோட்டில் மிகச் சரியாக இன்னொரு பின் நிற்கும். அது கோட்டைத் தாண்டி ஓர் அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு தள்ளி நின்றால், 0.5 சதவீதத்தை எட்டிவிட்டது என்று பொருள். நல்ல கடையில் நீங்கள் வேறு எந்த வேலைக்காகப் போனாலும் இந்தத் தகட்டைச் செயினில் வைத்துப் பார்த்துவிட்டு, “இன்னும் கொஞ்ச நாள் ஓடும்” என்றோ, “இப்போதே மாற்றினால் கேசட் பிழைக்கும்” என்றோ சொல்வார்கள். உங்கள் பழைய செயினை அளந்து, புதியதைப் போட்டால் குதிக்கக்கூடும் என்று வேலைக்கு முன்பே சொல்லியிருந்தால், இந்தச் சந்தேகமே உங்களுக்கு வந்திருக்காது. கேசட்டை மாற்றிக்கொள்ளுங்கள், அடுத்த முறை, வேலையைத் தொடங்கும் முன் அளந்து காட்டும் கடைக்குப் போங்கள்.

கேள்வி: நீண்ட தூரம் ஓட்டும்போது எனக்கு முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது, உள்ளங்கையும் மரத்துப்போகிறது. கடையில் சொன்னால் ஒவ்வொரு முறையும் வேறு சீட் வாங்கச் சொல்கிறார்கள். மூன்று சீட் மாற்றிவிட்டேன். பெண்களுக்கு ரோடு பைக் ஒத்துவராது என்றும் ஒருவர் சொன்னார்.

பதில்: கடைசியாகச் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், சகோதரி. அப்படிச் சொல்கிற கடைக்கு மறுபடியும் போகவும் வேண்டாம். உங்களுக்கு ஒத்துவராதது வண்டியின் அளவாக இருக்கலாம், அல்லது அதை அமைத்திருக்கும் விதமாக இருக்கலாம். இரண்டையும் அளந்து பார்க்கத் தெரிந்த கடைதான் உங்களுக்குத் தேவை.

முழங்காலின் முன்பக்க வலிக்குச் சீட் தாழ்வாக இருப்பது வழக்கமான காரணங்களில் ஒன்று. பின்பக்க வலி என்றால் சீட் மிக உயரமாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பெடல் கீழே இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது நல்ல தொடக்கப் புள்ளி. பின்னால் நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு உங்கள் இடுப்பு இருபுறமும் ஆடினால், சீட்டை இன்னும் இறக்க வேண்டும். உள்ளங்கை மரத்துப்போவதற்கு, ஹேண்டில்பார் எட்டாத தூரத்திலோ மிகத் தாழ்வாகவோ இருந்து உடலின் பாரம் கைகளில் இறங்குவது காரணமாக இருக்கலாம். சற்றுக் குட்டையான ஸ்டெம்மை மாற்றிப் போட்டே இதைச் சரிசெய்ய முடிந்தவர்கள் பலர். இவற்றில் எதற்கும் புதுச் சீட் மருந்து ஆகாது.

சீட்டையே மாற்ற வேண்டியிருந்தாலும், உங்கள் உட்காரும் எலும்புகளுக்கு இடையிலான தூரத்தை அளந்த பிறகே அகலத்தைச் சொல்ல வேண்டும். சில நாட்கள் ஓட்டிப் பார்க்கச் சோதனைச் சீட்டைக் கொடுத்தனுப்பும் கடைகளும் உண்டு. உங்களை வண்டியில் ஏற்றி, நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் உள்ளரங்க டிரெயினரில் குறைந்தது கால் மணி நேரமாவது மிதிக்கவிட்டு, பக்கத்திலிருந்தும் பின்னாலிருந்தும் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றத்தை மட்டும் செய்பவரைத் தேடுங்கள். முன்பிருந்த அளவுகளையும் மாற்றிய அளவுகளையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இவற்றுக்குப் பிறகும் வலி நீடித்தால், தயவுசெய்து மருத்துவரைப் பாருங்கள். சைக்கிள் கடை செய்யக்கூடியது அதுவரைதான்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய வண்டியையும் பாகங்களையும் உள்ளூர்க் கடைக்குக் கொண்டுபோனால் முகம் சுளிக்கிறார்கள். இது நியாயமா?

பதில்: முகம் சுளிப்பது நியாயமில்லை, பொருத்துவதற்கான கூலியைக் குறைக்காமல் கேட்பது நியாயம்தான். அவரிடமே வாங்கியிருந்தால் விற்பனை லாபத்தில் அடங்கியிருக்கும் உழைப்பு அது. பெட்டியில் வரும் வண்டிக்கு ஹேண்டில்பாரும் பெடலும் மாட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறோம். உண்மையில் ஹேண்டில்பார் திரும்ப உதவும் பேரிங்கான ஹெட்செட் தளர்ந்திருக்கிறதா, சக்கரம் நேராக இருக்கிறதா, கியர் சரியாக அமைந்திருக்கிறதா, தொழிற்சாலையில் முறுக்கிய போல்ட்டுகள் அளவாக இருக்கின்றனவா என்று எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாக வேண்டும். பெடலைக்கூட, இடப்பக்கத்தில் இருப்பது இடமரை என்று அறியாமல் வலுக்கட்டாயமாகத் திருகி, பெடல் மாட்டும் கையான கிராங்கின் மரையை வீணாக்கியவர்கள் உண்டு.

பாகங்களை வாங்கும் முன்பே கடைக்காரரிடம் பொருந்துமா என்று கேட்டுவிடுங்கள். பாட்டம் பிராக்கெட்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே, மரையுள்ளது, அழுத்திப் பொருத்துவது என்று பல வகைகள் இருக்கின்றன. படத்தைப் பார்த்து வாங்கிய பாகம் ஃபிரேமில் ஏறாமல் போவது அன்றாடம் நடப்பது.

கேள்வி: பல ஆண்டுகளாக எங்கள் குடும்பத்தின் எல்லாச் சைக்கிள்களையும் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். சிறிய கடை. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் உள்ள என் புது வண்டியை அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் எந்த வேலையை என்று பிரித்துக் கொடுங்கள். கோட்டம் எடுப்பதிலும் பேரிங்கைக் கையால் சுற்றிப் பார்த்தே அதன் நிலையைச் சொல்வதிலும் அவரைப் போன்றவர்களுக்கு நிகராகப் புதிய கடைகளில் பலர் இல்லை என்பதே என் எண்ணம். ஹைட்ராலிக் பிரேக் வேறு விஷயம். ஷிமானோ நிறுவனத்தின் பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் நிறுவனத்தின் ரோடு பைக் பிரேக்குகளுக்கு டாட் (DOT) எனும் பிரேக் திரவம். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டு, இறக்கத்தில் பிரேக் கைவிடக்கூடும். “இதில் எந்த எண்ணெய் ஊற்றுவீர்கள், ஐயா?” என்று மரியாதையாகக் கேளுங்கள். பிரேக்கின் பெயரைப் பார்த்துவிட்டுச் சரியாகப் பதில் சொல்லி, பிரேக்கிலிருந்து காற்றை நீக்கித் திரவம் நிரப்பும் ப்ளீடிங் கிட்டும் வைத்திருந்தால், அவரிடமே கொடுங்கள். “அது நம்மிடம் இல்லை தம்பி, வேறு இடத்தில் பாருங்கள்” என்று சொன்னால், அவர் மேல் உள்ள நம்பிக்கை உங்களுக்குக் கூடத்தான் வேண்டும். மற்ற வேலைகளுக்கு அவரை விட்டுவிடாதீர்கள்.

காற்று விஷயத்திலும் ஓர் எச்சரிக்கை. உங்கள் ரிம், டயரின் விளிம்பைப் பிடிக்கும் கொக்கி போன்ற மடிப்பு இல்லாத ஹுக்லெஸ் வகையாக இருந்தால், டயர் எதைத் தாங்கும் என்று எழுதியிருந்தாலும் 5 பாருக்கு மேல், அதாவது 72.5 பி.எஸ்.ஐ.க்கு மேல் காற்று அடிக்கக் கூடாது. ரிம்மில் அதைவிடக் குறைவாக அச்சிட்டிருந்தால் அதுவே எல்லை. பழைய வழக்கத்தில் 100 வரை அடித்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மாற்றிய பழைய பாகங்களைத் திருப்பிக் கேட்டால் கடைக்காரர் தவறாக நினைப்பாரா?

பதில்: வண்டியை விடும்போதே “பழையதை எடுத்து வைத்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். நான் போகும் கடையில் கேட்காமலே ஒரு பையில் போட்டு ஹேண்டில்பாரில் மாட்டிவைத்திருப்பார்கள். தேய்ந்த பிரேக் பேடைக் கையில் எடுத்து, உலோகத் தகட்டின் மேல் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால், அடுத்த முறை எப்போது மாற்ற வேண்டும் என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.