எழுத்தாளர் தம் எழுத்துக்கு மேல் வாசகருக்குக் கடன்பட்டவரா?

கேள்வி: பாலாற்றங்கரைத் தோல் தொழிலாளர்களைப் பற்றி நாவல் எழுதியவர், வேலூரில் பேச அழைத்தால் வர மறுக்கிறார். இது நியாயமா?

நியாயம்தான். மேடை, கையெழுத்து, ஒவ்வொரு செய்திக்கும் ஒரு கருத்து, இவை எதுவும் நூலின் விலையில் அடங்காது.

ஆனால் எழுத்தோடு ஒட்டியே வரும் கடன்கள் உண்டு. உதாரணமாக, பாலாற்றில் கலந்த தோல் கழிவு பற்றிய வழக்கில் 1996இல் தீர்ப்பளித்தது உச்ச நீதிமன்றம். நாவலில் உயர் நீதிமன்றம் என்று எழுதிவிட்டால் அடுத்த பதிப்பில் திருத்தி, திருத்தியதை முன்னுரையிலும் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பிழை ஆய்வேடுகளுக்குள் போய்விடும். உயிரோடு இருப்பவரைப் பாத்திரமாக்கினால் பெயரை மாற்றுவது மட்டும் போதாது. ஆம்பூர் மாதிரி ஊரில் தெருவும் தொழிலும் உடல் அடையாளமும் ஒத்துப்போனால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பலர் கோட்டைவிடுவது பதிப்புரிமையில். அது எழுத்தாளர் இறந்த பின்னும் 60 ஆண்டு நீடிக்கும். 1974இல் மறைந்த மு. வரதராசனாருக்கு 2034 முடிய. உயில் இல்லாமல் போனால் வாரிசுகள் எல்லாரிடமும் சம்மதம் வாங்க முடியாமல் மறுபதிப்பு நின்றுவிடும். வாசகருக்கு இதைவிடப் பெரிய இழப்பு எனக்குத் தெரியவில்லை. ஆகவே உயிலில் நூல்வாரியாக உரிமையாளரைக் குறிக்கவும். பதிப்பக ஒப்பந்தத்தில் காலத்தைக் கட்டாயம் எழுதவும். எழுதாவிட்டால் சட்டப்படி 5 ஆண்டு. பொதுவுக்கே விட்டுவிட விரும்பினால் பதிப்புரிமைப் பதிவாளருக்கு அறிவிப்புக் கொடுத்து உரிமையைத் துறக்கலாம்.